சிஷோல்ம் என்னும் கட்டடக் கலைஞரும் பழம்பாணி மாளிகைகளும்

சென்ற ஆண்டு மாணவர் சிலரை உடனழைத்துக்கொண்டு, காஞ்சி வரதராசப் பெருமாள் திருக்கோயிலிலுள்ள நூற்றுக்கால் மண்டபத்தைக் காணச் சென்றிருந்தோம். பெயர் நூற்றுக்கால் மண்டபமேயாயினும், எண்ணிப் பார்க்கின் தூண்கள் 96 தாம். தூண்களில் குதிரையூர்ந்து பாயும் வீரரையும், மூலையில் தொங்கும் கற்சங்கிலியையும் கண்டு வியந்த பின்னர், மாணவரொருவர் நம்மை நோக்கி, "ஐயா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையைச் சென்ற திங்களில்தான் கண்டேன். இந்நாட்டு முறையைத் தழுவி எழுப்பிய கட்டடம் என்று அதனைப் புகழ்கின்றனர். ஆனால் ஆங்குக் கண்டவையெல்லாம் வளைவுகளும் குவிமாடங்களுமே. நம் ஊர்த் தூணும் போதிகையும் ஒன்றேனும் இல்லையே! அதனை வரைந்தவர் கண்ணுக்குக் காஞ்சி புலப்படவில்லையோ?" என்று வினவினார். வினா நன்று. அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் அதனை ஈண்டுச் சற்று விரிவாக ஆராயப் புகுகின்றோம்.

செனட் மாளிகையை வரைந்தவர் ராபர்ட் பெல்லோஸ் சிஷோல்ம் என்பார். 1840-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலேயே இந்தியா போந்தவர். சென்னையில் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் கட்டடம் வேண்டி அரசினர் 1864-இல் நடத்திய போட்டியில் இவருடைய படமே தேர்ந்தெடுக்கப்பெற்றது. பின்னர்ச் சென்னை மரமத்து இலாகாவில் அமர்ந்து, 1872-இல் அரசினரின் கட்டடக்கலை ஆலோசகரானார். சென்னைக் கைத்தொழிற் கலைப்பள்ளியின் தலைமையையும் சில ஆண்டுகள் ஏற்றிருந்தார். கடற்கரையிலுள்ள மாநிலக் கல்லூரி இவருடைய முதற்பெரும் பணி, 1870-இல் திறக்கப்பெற்றது. அது முழுதும் இத்தாலிய முறையைத் தழுவியது. அதனையடுத்து 1874-இல் தொடங்கி 1879-இல் முடித்த செனட் மாளிகையோ வேறு முகங் காட்டுகின்றது. ஒரே தெருவில், சில ஆண்டுகளே இடையிட்டு, ஒருவரே எழுப்பிய இரு கட்டடங்கள் இங்ஙனம் வேறுபடுவானேன்? இடையில் இவர் கற்றதொன்று உண்டு.

அக்காலத்தில் சென்னையின் ஆளுநராயிருந்தவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை அப்பதவியிலிருந்த இவர், கட்டடக்கலையில் ஆழ்ந்த பற்றுடையவர். 1870-இல் இப்பொருள்பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கிரேக்கக் கோயிலையும் இங்கிலாந்து நாட்டு மாதாகோயிலையும் அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து இந்நாட்டு வெயிலில் நாட்டுதல் தகாது என்றும், முகம்மதிய மன்னர் கையாண்ட வளைவும் குவிமாடமும் அரசாங்கக் கட்டடங்களுக்கு ஏற்றவை என்றும், அதனையே பொதுப்பாணியாகக் கொள்ளலாமா என்று அரசினர் எண்ணிப் பார்க்கவேண்டும் என்றும் அதில் கூறினார். இந்தோ சாரசனிக் என்று பிற்காலத்தார் பெயரிட்ட முறைக்குச் சென்னையில் வித்திட்ட பேச்சு இதுவே எனலாம். திராவிட முறை தழைத்த நாட்டில், அதனை விடுத்து வடக்கிலும் தக்கணத்திலும் வளர்ந்த முறையைத் தேர்ந்தது அரசியல் நோக்கமே என்பாருமுளர். முகலாயருக்குப் பின் அரியணையேறியவர் தாமே எனக் காட்டிக்கொள்ள ஆங்கிலேயர் விரும்பினர் என்பது அவர் கருத்து. அதனில் உண்மை இல்லாமலில்லை. எனினும், அஃது ஒன்றே காரணமாயின் நம் மாணவரின் வினாவுக்கு விடை பாதிதான் கிடைத்ததாகும். மறுபாதி கல்லில் இருக்கின்றது.

நூற்றுக்கால் மண்டபத்திற்கே மீள்வோம். அங்கு எத்திசை நோக்கினும் தூண்களன்றிப் பிறிதொன்றும் நெடுந்தொலைவு தோன்றாது. சிற்பியர் தம் திறங்காட்டவே இத்துணைத் தூண்களை நட்டனர் எனக் கருதுவோர் பலர். உண்மை வேறு. கருங்கல் மேலிருந்து அழுத்தும் பாரத்தை எவ்வளவாயினும் தாங்கும். ஆனால் இழுவிசையைத் தாங்காது. இரு தூண்களின்மேல் ஓர் உத்தரத்தைக் கிடத்தினால், அதன் மேற்புறம் நெருக்குண்ணும். அடிப்புறம் விரிய முயலும். தூண்களின் இடைவெளி மிகுந்தால் அடிப்புறத்தில் விரிசல் காணும். பின்னர் உத்தரம் இரண்டாக ஒடியும். ஆதலின் கல்லுத்தரங் கொண்டு கட்டுவோர் தூண்களை நெருக்கி நடுதலன்றி வேறு வழியறியார். தூணுச்சியில் இருபுறமும் கைநீட்டினாற்போல் விளங்கும் போதிகை வெறும் அழகன்று. உத்தரத்தின் இடைவெளியை இருபுறமும் சிறிது குறைத்து, ஒடியாமற் காக்கும் உறுப்பு அது. பல்லவர் காலத்தில் மடிப்புகளோடு எளிமையாயிருந்த போதிகை, விசயநகரக் காலத்தில் தாமரைமொட்டு தொங்கும் பூமுனையாக வளர்ந்தது. வடிவம் மாறினும் தொழில் மாறவில்லை. கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன் காலமாகிய 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த 1509 வரை, எண்ணூறு ஆண்டுகள் இவ்வூரில் இம்முறையே ஆட்சி செலுத்திற்று.

இறைவன் திருவுருவம் எழுந்தருள்வதற்கும், அடியார் தூண்களிடையே அமர்ந்து பாடல் கேட்பதற்கும் இம்மண்டபம் நிறைவானது. ஆனால் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவிற்குச் சிஷோல்ம் கட்டவேண்டியிருந்தது வேறு. பெருங்கூட்டம் ஒருங்கே அமர்தல் வேண்டும். மேடையிலிருப்பாரை அனைவரும் காணுதல் வேண்டும். இடையே தூண் ஒன்றும் நிற்றல் கூடாது. கல்லுத்தரங்கொண்டு இதனைச் செய்ய இயலாது. வளைவோ அத்தகையதன்று. ஆப்புப்போல் இழைத்த கற்களையோ செங்கற்களையோ வில்லாக அடுக்கினால், ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லை நெருக்கி நிற்குமேயன்றி, ஒன்றேனும் விரியாது. பாரம் இருபுறச் சுவர்க்கும் இறங்கிவிடும். சுவர் விலகாதவாறு பருமனாக அமைத்துக்கொண்டால் இடைவெளியைப் பெருக்கலாம். பிஜப்பூரில் 1656-இல் முடிந்த கோல்கும்பஸின் குவிமாடம் உள்விட்டத்தில் ஏறக்குறைய 124 அடி. அவ்வளவு அகலத்தில் ஒரு தூணுமில்லை.

ஆயின் வளைவு தமிழ்நாட்டிற்கு முற்றும் அயலானதோ? அன்று. மதுரையில் திருமலை நாயக்கர் 1636-இல் எழுப்பிய அரண்மனையே அதற்குச் சான்று. அவர் பேரர் சொக்கநாத நாயக்கர் அதன் பெரும்பகுதியைப் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோயினர். எஞ்சியதும் சிதைந்து கிடந்தது. அதனைப் பழுதுபார்க்குமாறு நேப்பியர் பிரபு ஆணையிட, அப்பணி சிஷோல்மின் கைக்கு வந்தது. சொர்க்க விலாசத்தின் பருத்த தூண்களும், அவற்றினிடையே இலைவிளிம்பு கொண்ட வளைவுகளும், நடுவே எழும் குவிமாடமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. அவற்றின்மேற் பூசிய சுதையில் யாளியும் இறையுருவும் பூங்கொடியும் கோயில் முறையிலேயே அமைந்துள்ளன. தமிழ்நாட்டு மன்னரொருவர், தம் அவை கூடுதற்கு அகன்ற இடம் வேண்டியபோது, வளைவை ஏற்றுத் தம் நாட்டு வேலைப்பாட்டை அதற்கு உடுத்தினர். அதுவும் சிஷோல்முக்கு இருநூறு ஆண்டுகட்கு முன்னர்! இக்கட்டடத்தை அளந்து, பிளந்த இடங்களைப் பொருத்தி, நாட்டுக் கொத்தரோடு நின்று வேலைவாங்கிய சிஷோல்ம், மாநிலக் கல்லூரி கட்டிய பழைய சிஷோல்மாக இருக்கமுடியுமா? சாரத்தின்மேல் நின்று கற்றது, ஏட்டிற் கற்றதினும் ஆழமாகவே பதியும்.

நிற்க. நம்மூர் நெசவாளர் வழக்கில் கோர்வை என்பதொன்றுண்டு. சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருத்தல் வேண்டுமாயின், உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடும். நெய்பவர்க்குத் துணையாக மற்றொருவர் பக்கத்திலிருந்து கரை நாடாவைத் தள்ளுவார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோரிழையிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சேலை நைந்தாலும் கரை பிரியாது. கரையைத் தனியே நெய்து பின்னர்த் தைத்துச் சேர்த்தலும் உண்டு. தொலைவிலிருந்து நோக்கின் வேற்றுமை புலனாகாது. பழம்பாணிக் கட்டடங்களை மதிப்பிட இதனினும் நல்ல அளவுகோல் நாம் அறியோம். பழைய முறையின் உறுப்பு, புதிய கட்டடத்தின் தேவையைக் கவ்வி நிற்கின்றதா? அன்றி மேலே தைத்து ஒட்டியதா?

திருவனந்தபுரத்தில் 1880-இல் முடிந்த நேப்பியர் காட்சிசாலையை இவ்வளவுகோலால் அளப்போம். அதுவும் சிஷோல்மின் பணியே. ஆனால் அங்குப் பிஜப்பூரின் குவிமாடம் இல்லை. மலையாள நாட்டு மழைக்கேற்ற செங்குத்தான ஓட்டுக்கூரைகளும், மரவேலை நிறைந்த கூர்முகப்புகளும் அடுக்கடுக்காக எழுகின்றன. நீர் நில்லாது ஓடும். கூரையின் இடைவெளிகளில் வெப்பக்காற்று வெளியேறும். அந்நாட்டுத் தச்சர் தலைமுறை தலைமுறையாக அறிந்த கூரையை, அந்நாட்டு மழைக்கே அவர் பயன்படுத்தினார். இது கோர்வை. சென்னைச் செனட் மாளிகையும் பெரும்பாலும் அவ்வாறே. அதன் நான்கு மூலைக் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிகளும் பைசாந்தியத் தூண்தலைகளும் சிறிது மிகையே. ஆயினும் மண்டபத்தின் அகலமும், வெயிலைத் தடுக்கும் சுற்றுத் தாழ்வாரமும் வளைவால் வந்தவை. வளைவை நீக்கின் கட்டடமே இல்லை.

வடோதராவிலுள்ள இலட்சுமி விலாச அரண்மனையைப்பற்றி இவ்வளவு துணிந்து கூற இயலவில்லை. மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாடின் பொருட்டு இதனை முதலில் வரைந்தவர் சார்லஸ் மாண்ட் என்னும் படைப்பொறியாளர். தாம் வரைந்த மாளிகைகளின் கணக்குப் பிழைபட்டு அவை சரிந்துவிடும் என்ற அச்சம் அவரை வாட்டியதென்றும், அதனால் மனம் பேதலித்தாரென்றும் சொல்வதுண்டு. 1881-இல் அவர் இறந்தார். சரியக்கூடும் என்று வரைந்தவரே அஞ்சியதாகக் கூறும் மாளிகையை ஏற்று முடிக்கும் பொறுப்பு சிஷோல்முக்கு வந்தது. அவர் அதனை 1890-இல் முடித்தார். இன்றளவும் அது சரியவில்லை. கெயிக்வாட் மரபினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

ஐந்நூறு அடிக்கு மேற்பட்ட முகப்புடைய இவ்வரண்மனையில் கொலுமண்டபம் ஒருபால், மன்னர் உறையும் பகுதி நடுவே, அந்தப்புரம் மற்றொருபால் எனப் பகுப்பு மிகத் தெளிவானது. முகப்பிலோ இராசபுத்திர மாடங்களும், முகம்மதியக் குவிமாடங்களும், சமணக் கோயில் வேலைப்பாடும், வெனிசு நகரத்து வளைவுகளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. கொலுமண்டபத்தின் தளத்தில் இத்தாலியர் பதித்த வண்ணக்கற்கள். பலகணிகளில் ஐரோப்பியக் கண்ணாடி ஓவியங்கள். கண் ஓரிடத்தில் தங்கி இளைப்பாற வழியில்லை. உள்ளமைப்பு இந்நாட்டு அரசர் வாழ்க்கையை அறிந்து வகுத்தது. மேற்போர்வையோ இருப்பவையெல்லாம் காட்டவேண்டும் என்ற வேட்கையால் வந்தது. ஒரே சேலையில் ஏழு கரைகள் வைத்து நெய்தாற்போல! விலை மிகும், உடுத்துவோர் தயங்குவர்.

இவ்வேட்கை இந்நாட்டுக்கே உரியதன்று. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ரிச்சர்டு மாரிஸ் ஹண்ட் என்னும் புகழ்பெற்ற கலைஞர், பாரிசில் கற்றுத் திரும்பி, இருப்புப்பாதைத் தொழிலில் செல்வந்திரட்டிய வாண்டர்பில்ட் குடும்பத்தாருக்கு நாட்டுப்புற மாளிகைகள் எழுப்பிக்கொண்டிருந்தார். வட கரோலினா மலைப்பகுதியில் 1889-இல் தொடங்கி 1895-இல் முடித்த பில்ட்மோர் மாளிகையில் 250 அறைகள். உருவமோ பிரெஞ்சு நாட்டு லுவார் ஆற்றங்கரைக் கோட்டைமனைகளின் உருவம். அம்மனைகளில் வாழ்ந்த அரசரும் பிரபுக்களும் அமெரிக்காவில் என்றுமே இருந்ததில்லை. இருந்தது பொருள் ஒன்றே. இல்லாத பழமையைக் கல்லில் வாங்கிக்கொண்டனர் எனின் மிகையாகாது. ஹண்ட் எழுப்பிய மற்றொரு மாளிகை நியூபோர்ட்டு நகரத்துப் பிரேக்கர்ஸ். முன்பிருந்த வீடு 1892-இல் தீக்கிரையாயிற்று. ஆதலின் உள்ளே எஃகுச் சட்டங்களை அமைத்து, வெளியே இத்தாலியப் பிரபுவின் மாளிகைபோல் கல்லுடுத்தி 1895-இல் முடித்தனர். நம் மைசூரிலும் இவ்வாறே நிகழ்ந்தது வியப்பு. மரத்தாலான பழைய அரண்மனை 1897-இல் அரசிளங்குமரியின் திருமண விழாவின்போது எரிந்தது. ஹென்றி இர்வின் வரைந்த புதிய அரண்மனை 1912-இல் முடிந்தது. ஏறக்குறைய 42 இலட்சம் ரூபாய் செலவு. அதன் கலியாண மண்டபத்தில் நிற்கும் ஒல்லியான தூண்கள் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வார்த்த இரும்பு. நூற்றுக்கால் மண்டபத்துத் தூணோடு அதனை ஒப்பிட்டு நோக்கின், பாரந்தாங்கும் தொழில் கல்லினின்று இரும்புக்கு மாறியபோது தூணின் உடல் எவ்வளவு இளைத்தது என்பது விளங்கும்.

பெயர்பெற்ற கலைஞர் வரைந்தாலன்றி இக்கலப்பு நிகழாதெனக் கருதவேண்டா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தார் செட்டிநாட்டில் கட்டிய மாளிகைகளில் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஐரோப்பிய முகப்பும் உண்டு. ஆனால் உள்ளே புகுந்தால், திருமணமும் படைப்பும் நடத்துதற்குரிய வளவு என்னும் நடுமுற்றமும், அதனைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் உரிய அறைகளும் அசையாமல் இருக்கின்றன. குடும்ப முறை கட்டடத்தின் உடல், முகப்பு கரை. இரண்டும் வேறு நிறமாயினும், பொருந்தியே உள்ளன என்பது நம் கருத்து. மாறுபடுவோர் கானாடுகாத்தானில் ஒருநாள் தங்கிப் பார்த்துவிட்டு மாறுபடுக.

சிஷோல்ம் இறுதியில் இலண்டனுக்கே மீண்டார். அங்குச் சுலோன் தெருப்பகுதியில் 1907-இல் ஒரு வழிபாட்டு மண்டபம் எழுப்பினார். பெருங்கூட்டம் அமரத்தக்க அகன்ற கூடம், பைசாந்திய முறை. சென்னைக் கடற்கரையில் அவர் விடுத்த சிக்கலும் விடையும் ஏறக்குறைய அங்கும் அவையே. அம்மண்டபம் 2004 முதல் காடகன் மண்டபம் என்ற பெயரில் இசையரங்காக விளங்குகின்றது. அவர் 1915-இல் மறைந்தார்.

ஆதலின், கல்லுத்தரம் தாண்டக்கூடிய தொலைவு செனட் மாளிகைக்குப் போதாமையால் நம் ஊர்த் தூண் அங்கு வரவில்லை என்பதே அம்மாணவருக்கு நாம் கூறும் விடை. காஞ்சியின் முறையை அவர் இகழ்ந்ததாகக் கொள்ளவேண்டா. போதிகையை அங்கே வைத்திருக்கலாம். ஆனால் தாங்கும் தொழில் இல்லாத போதிகையாக, சுவரில் ஒட்டிய பொம்மையாக வைத்திருக்கவேண்டும். அதனைச் செய்யாமல் விட்டதையே நாம் அவருக்கு நன்றியாகக் கருதுகின்றோம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னர், பிள்ளையார்பாளையத்தில் நமக்குப் பழக்கமான நெசவாளரொருவர் புதிதாகக் கட்டிய வீட்டிற்குச் சென்றிருந்தோம். பழைய வீடு நாட்டோடு வேய்ந்தது, நெடுகலான கூடம், தறியின்முன் பாவு நீண்டு கிடப்பதற்கென்றே தாத்தா காலத்தில் அளந்து கட்டியது. அதனை இடித்துவிட்டார். புதிய வீட்டின் முகப்பில் உருண்டைத் தூண்கள் நான்கு. அவற்றினிடையே அரண்மனைபோல் வளைவுகள். கைவிரலால் தட்டிப் பார்த்தோம். வளைவு சிமெண்டுப் பூச்சு. மேலே கம்பி வைத்து வார்த்த உத்தரமே பாரத்தைச் சுமக்கின்றது. வளைவு எதனையும் சுமக்கவில்லை.

"தெருவில் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள், ஐயா" என்றார் அவர், காப்பி கொடுத்தவாறே.

"தறி எங்கே?" என்றோம்.

"தூண்களுக்கு முன்பக்கம் எட்டடி விடவேண்டியதாயிற்று. உள்ளே பாவு நீட்ட இடம் பற்றவில்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் போட்டிருக்கிறேன். அவர் இன்னும் இடிக்கவில்லை."